கனேலாவுக்கு ஒரு துணை

எல் சலித்ரே,
3 பிப்ரவரி 1996

அன்புள்ள நசாரியோ அண்ணா,

நான் இங்கே நன்றாகத்தான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் விடியற்காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, வெயில் ஏறினால் சரியாகிவிடும். சிகாகோவில் பனி கொட்டுகிறது என்று தோமாசா கடை ரேடியோவில் கேட்டேன். நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்.

ஆடுகளும் சுகம். போன வாரம் மூன்று ஆடு குட்டி போட்டன. நேற்று கந்தெலாரியா திருநாள், சோளமாவு பிசைந்து தமால் அவித்தேன். ஒற்றை ஆள் எவ்வளவு தின்பேன்? மீதியை ரோடு போடுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். சல்தீயோ போகிற பெரிய ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், உனக்குச் சொன்னேனோ இல்லையோ.

சொல்ல வந்தது வேறு. கொயோட்டேக்கள் அதிகமாகிவிட்டன அண்ணா. முன்பெல்லாம் மலைப்பக்கம் அந்த நரிக்கூட்டத்தின் ஊளைதான் கேட்கும், உருவம் கண்ணில் படாது. இப்போது பட்டப்பகலில் ரோட்டோரம் நடக்கின்றன, நம்மைப் பார்த்தாலும் ஓடுவதில்லை. மழை இல்லை, மலையில் முயலும் இல்லை. போதாக்குறைக்குப் புதுக் கோழிப்பண்ணைக்காரன் செத்த கோழிகளை ரோட்டோரப் பள்ளத்தில் கொட்டுகிறான். விருந்து வைத்துக் கூப்பிட்டால் வராமல் என்ன செய்யும்? வாரத்துக்கு ஒன்றிரண்டு லாரியில் அடிபட்டுச் சாகின்றன. ரோட்டு ஆள் ஒருத்தர் அவற்றை இழுத்துப் போட்டுப் புதைக்கிறார்.

நம் கனேலா இருக்கிறவரை பட்டிக்குப் பயமில்லை. பால்குடி மறந்ததிலிருந்து ஆடுகளோடு வளர்ந்த கழுதை, தான் கழுதை என்பதே அதற்குத் தெரியாது. போன புதன்கிழமை ஒரு கொயோட்டேயை உதைத்த உதையில் அது மூன்று காலில் நொண்டிக்கொண்டு ஓடியது.

இந்த டிசம்பரில் கன்னித்தாய் திருவிழாவுக்குக் கட்டாயம் வருகிறாய்தானே? அப்பாவைப் புதைத்த அன்று, "ஒரு வருஷம் பட்டியைப் பார்த்துக்கோ, வந்துடறேன்" என்றாய். இது மூன்றாவது வருடம். பட்டியை உன் கையில் கொடுத்துவிட்டு நான் என் வழியைப் பார்க்க வேண்டும். என்ன வழி என்று கேட்காதே, எனக்கே தெரியாது. நாற்பத்தொரு வயதில் ஒரு வழி தேடினால் கிடைக்காமலா போகும்?

உன்னைக் கடவுள் பார்த்துக்கொள்வார். நீயும் உன்னைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
லியோகாதியா


சிகாகோ,
10 மார்ச் 1996

அன்புத் தங்கை லியோகாதியாவுக்கு,

உன் கடிதம் கைக்கு வந்தது. முழங்காலுக்குச் சாராயத்தில் ஊறப்போட்ட கஞ்சா இலையைத் தேய், அம்மா செய்வாளே, அதுதான். எனக்கு இடுப்புதான் தொல்லை. குளிர்சாதனக் கிடங்கில் பெட்டி தூக்கித் தூக்கி வில்லாக வளைந்துவிட்டது. மற்றபடி குறை இல்லை.

கொயோட்டே பற்றி எழுதியிருந்தாயே, சிரித்துவிட்டேன். இங்கேயும் வந்துவிட்டன. இத்தனை பெரிய ஊரில், கிடங்குக்குப் பின்னால் ரயில் தண்டவாளத்தில் ஏதோ தன் அப்பன் வீட்டு ரோடு மாதிரி நடந்து போகிறது. நாய் என்றுதான் முதலில் நினைத்தேன். அது நின்று திரும்பிப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, நம் ஊர்க்காரன் என்று. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கொல்லையில் குப்பைத்தொட்டியை உருட்டியது. நோயெமிதான் முதலில் பார்த்தாள், ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள்.

கனேலாவை நன்றாகக் கவனி. அதற்கு உப்புக்கட்டி வை. வெளிக் கழுதை எதையும் பக்கத்தில் அண்டவிடாதே, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெட்டை ஆடு ஒன்றையும் கழித்துவிடாதே. நான் வரும்போது பட்டி நிறைந்திருக்க வேண்டும். டிசம்பர் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

செத்த கொயோட்டேயைப் புதைக்கிற ஆள் யார்? அதையெல்லாம் வேலியில் தொங்கவிடுவதுதானே வழக்கம், புதைக்கிறானாம் பெரிய பாதிரியார்.

உன் நலமே என் நலம்.

அண்ணன்,
நசாரியோ


எல் சலித்ரே,
30 மார்ச் 1996

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னபடி தேய்த்தேன். முழங்கால் கேட்கிறது, வாடைதான் ஆடுகளுக்கே பிடிக்கவில்லை. இடுப்புக்கு நீ அகலமான தோல்வார் கட்டிக்கொள்.

நோயெமி யார்?

ரோட்டுக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேராக்ரூஸ் பக்கம், கடற்கரை ஆள். அங்கே மீன்தான், ஆடு கிடையாது. பாலாடைக்கட்டி வாங்க வருவார். நம் கிடா ஒரு முறை கொம்பைத் தாழ்த்தியதும் பால் சட்டியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு வேலி ஏறிவிட்டார். அந்த ஊர்க்காரர்கள் வாயில் நல்ல வார்த்தையே வராது என்பார்களே, அது உண்மைதான். வேலி மேல் இருந்தபடி அவர் கிடாவின் பரம்பரை முழுவதையும் விசாரித்தார். நான் சிரித்துச் சிரித்து விலா நோவெடுத்துவிட்டது. சிரித்தால் விலா வலிக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

செத்ததை ஏன் புதைக்கிறீர்கள் என்று நானும் கேட்டேன். "தொங்கவிட்டா என்னங்க ஆகும்? மத்தது பார்த்துப் பயந்துக்குமா? எங்கப்பா செத்ததைப் பார்த்து நான் கடலுக்குப் போகாமலா இருந்தேன்?" என்றார். 

கொயோட்டே நேருக்கு நேர் பார்த்துவிட்டால் மனிதனுக்கு வாய் அடைத்துப்போகும் என்று இங்கே சொல்வோமே, அதை அவர் நம்பவில்லை. நான் நம்புகிறேன். தண்டவாளத்தில் உன்னையும் அது பார்த்ததென்று எழுதியிருக்கிறாய், ஜாக்கிரதையாக இரு.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. பதில் போடு.

லியோகாதியா


சிகாகோ,
22 மே 1996

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, வேலை மேல் வேலை. உடம்பு பரவாயில்லை. நீ சொன்ன தோல்வார் கட்டியிருக்கிறேன். உனக்கும் ஆடுகளுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

பட்டிக்குப் பின்னால் இருக்கும் நிலத்தில் மூன்று அறை வைத்து வீடு கட்டலாம் என்று நினைக்கிறேன். ஒரு அறை உனக்கு. வாசல் கிழக்கே பார்த்திருந்தால் ஆடுகளைக் கவனிக்க உனக்கு வசதியாக இருக்கும்.

இது குட்டிகளுக்குக் கொயோட்டே இரை தேடுகிற மாதம். மேய்ச்சலைக் கிணற்றுப்பக்கத்தோடு நிறுத்து.

ரோட்டுக்காரர்களிடம் அதிகம் பேச்சு வைத்துக்கொள்ளாதே. ரோடு போகிற பக்கம் அவர்களும் போய்விடுவார்கள். அப்பா இருந்திருந்தால் பாலாடைக்கட்டியை வேலிக்கு வெளியே வைத்துத்தான் விற்கச் சொல்லியிருப்பார்.

இங்கே வெயில் வந்துவிட்டது. மற்றவை அடுத்த கடிதத்தில்.

நசாரியோ


எல் சலித்ரே,
16 ஜூன் 1996

அன்புள்ள அண்ணா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கொயோட்டே உன் வாயைக் கட்டிவிட்டது என்றும் நம்புகிறேன். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

உன் மூன்று அறையில் எனக்கு ஒன்று. மீதி இரண்டு யாருக்கு?

கனேலா கொஞ்ச நாளாகச் சாயங்காலமானால் ரோட்டைப் பார்த்து நின்று கத்துகிறது. தீனி தின்கிறது, காவலும் காக்கிறது, ஆனாலும் கத்துகிறது. அந்த ரோட்டுக்காரர், கிரிசாந்தோ, ஒரு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங்க, இது ஆட்டைக் காவல் காக்குதா, இல்ல தன்னைக் கூட்டிட்டுப் போக யாராவது வருவாங்களான்னு பார்த்துட்டு நிக்குதா?" என்றார். நான் பால் கறக்கப் போய்விட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமையே மத்தேவாலா சந்தையிலிருந்து கம்பெனி லாரியில் ஒரு ஆண் கழுதையை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். காயடித்தது, சாது, ஒரு காது கிழிந்திருக்கிறது. கனேலாவுக்குத் துணையாம். மரினெரோ, அதாவது கடலோடி, என்று பெயரும் வைத்துவிட்டார். கடற்கரை மனிதருக்கு நம் வழக்கம் என்ன தெரியும்? முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். நான் பட்டிக் கதவைத் திறந்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

லியோகாதியா


சிகாகோ,
1 ஜூலை 1996

லியோகாதியா,

உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன். நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? ஆட்டுப்பட்டியில் ரெண்டாவது கழுதை! நம் ஊரில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒற்றையாக இருக்கிறவரைதான் அது ஆட்டைத் தன் இனம் என்று நினைக்கும். இன்னொரு கழுதையைப் பார்த்துவிட்டால் அன்றோடு ஆடு வேறு, தான் வேறு. அந்த ஆளுக்குத் தெரியாமல் இருக்கலாம், உனக்குத் தெரியாதா? நீ தெரியாமல் செய்த தப்பு இல்லை இது.

உடனே பிரி. அந்தக் கழுதையைத் திருப்பி அனுப்பு. கழுதைக்காரனையும் சேர்த்து அனுப்பு.

தோமாசா கடைக்குப் போன் செய்தேன். ஒலிபெருக்கியில் உன் பெயரைக் கூப்பிடுவது எனக்கே கேட்டது. நீ வரவில்லை. "ரோட்டுப் பக்கம் போயிருக்கா" என்று தோமாசா சிரித்துக்கொண்டே சொன்னாள். ஊரே கேட்கும்படி என் தங்கை எங்கே போயிருக்கிறாள் என்று எனக்குச் சொல்கிறார்கள்.

இருக்கிற ஆட்டையாவது காப்பாற்று.

நசாரியோ


எல் சலித்ரே,
18 ஆகஸ்ட் 1996

அன்புள்ள அண்ணா,

உனக்குப் பொறுமை இல்லாவிட்டாலும் நான் கேட்கிறேன், இடுப்பு எப்படி இருக்கிறது? நான் சுகமாக இருக்கிறேன். முழங்கால் வலி எங்கே போனதென்றே தெரியவில்லை.

நீ சொன்னது அப்படியே நடந்தது. கனேலாவும் மரினெரோவும் தண்ணீர்த்தொட்டி ஓரம் கழுத்தில் கழுத்தைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. கொயோட்டே பத்தடி தள்ளி நடந்து போனாலும் காதைக்கூடத் திருப்புவதில்லை. ஜூலையில் குட்டிகள் போயின, இந்த மாதம் பெரிய ஆடுகளும். அப்பாவுக்குப் பிடித்த வெள்ளைப் புள்ளிக்காரியும் போய்விட்டாள். அவளுக்காக அழுதேன், பொய் சொல்லவில்லை.

உன் கடிதம் வந்ததும் மரினெரோவைத் தோமாசாவின் தோட்டத்தில் கட்டிப்போட்டேன். கனேலா பட்டிக்குள் வரவே இல்லை. முள்வேலியில் நெஞ்சை அழுத்திக்கொண்டு நின்று கத்தியது, ஊரே கேட்டது. நெஞ்சில் முள் கிழித்த ரத்தத்தைத் துடைத்துவிட்டு நானே போய் மரினெரோவை அவிழ்த்துக்கொண்டு வந்தேன்.

கிரிசாந்தோவுக்கு விஷயத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார். "சொல்லியிருந்தா அதைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க" என்றேன். 

ஆமாம் அண்ணா, தெரிந்துதான் திறந்துவிட்டேன். ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, வேலி ஓரம் கனேலாவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. லா கார்தோனாவிலிருந்து பஸ் மெக்கானிக் எவோதியோ பெண் கேட்டு அனுப்பினானே, நினைவிருக்கிறதா? அவனுடைய ஞானத்தகப்பன் ரொட்டியும் சாக்லேட்டும் கொண்டுவந்தார். அப்பா கூடையைத் தொடவில்லை. "இவ கடைசிப் பொண்ணு. இவளுக்கு வேலை இங்க இருக்கு" என்றார். அதே வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் கழுதையை நம் பட்டியில் விடட்டுமா என்று கேட்டபோது, ஜோடி சேர்த்தால் பட்டி பாழ் என்று அவரையும் திருப்பி அனுப்பினார். இரண்டு முறையும் நீ மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் தின்றுகொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தவே இல்லை.

கடைசிப் பெண் வீட்டோடு இருப்பது நம் வழக்கம், நானும் குறை சொன்னதில்லை. அப்பாவையும் அம்மாவையும் மனமாரப் பார்த்துக்கொண்டேன். அவர்கள் போய்விட்டார்கள். இப்போது நான் யாருக்குக் காவல் நிற்கிறேன் என்று சொல். டிசம்பரில் வருகிறாயா? வருவாய் என்றால் இரண்டு கழுதைகளையும் நாளைக்கே பிரித்து, உன் ஆடுகளை உன் கையில் ஒப்படைக்கிறவரை நானே தடியோடு காவல் நிற்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று எழுது.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
லியோகாதியா


சிகாகோ,
13 அக்டோபர் 1996

அன்புத் தங்கைக்கு,

உடம்பு சுமார். குளிர் ஆரம்பித்துவிட்டது. உனக்குக் கம்பளிச் சால்வை ஒன்று அனுப்பியிருக்கிறேன், வந்ததா? நீ எப்போதும் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை, அதை நீ நம்ப வேண்டும்.

இந்த டிசம்பரில் கிடங்கில் லீவு கிடைக்காது போலிருக்கிறது. அடுத்த வருடம் பார்க்கலாம். அப்பா விஷயத்தை நீ எழுதியிருந்தாய், அதைப் பற்றிக் கடிதத்தில் என்ன எழுத?

கொயோட்டே இன்னும் வருகிறது. அதற்கு இங்கே பழகிவிட்டது. இனி அது திரும்பிப் போகாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். இங்கேயே குட்டி போட்டுவிட்டதாம்.

நோயெமி செப்டம்பரில் பள்ளிக்கூடம் சேர்ந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள் லியோ.

நசாரியோ


எல் சலித்ரே,
24 நவம்பர் 1996

அன்புள்ள அண்ணா,

சால்வை வந்தது. நீலநிறம் எனக்குப் பிடிக்கும் என்பதை நீ மறக்கவில்லை. போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் நலம். உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். எல்லோரும் என்று இன்றைக்குத்தான் எழுத முடிகிறது.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். உன் கடைசிக் கடிதத்தைப் படித்த அன்று ஒரு சட்டியை உடைத்தேன். பிறகு நோயெமியை நினைத்தேன். ஜன்னலில் மூக்கை அழுத்திக் கொயோட்டே பார்க்கிற பெண், நம் குடும்பத்துப் பெண்தான். அவள் அம்மாவின் பெயரை எழுது, ஜெபத்தில் சொல்ல வேண்டும்.

மிச்சமிருந்த ஆடுகளைத் தோமாசாவின் மருமகனிடம் ஒப்படைத்துவிட்டேன். நல்ல நாய்கள் வைத்திருக்கிறான், அவனிடம் இனி சேதம் வராது. நீ வந்து கேட்டால் திருப்பித் தருவான். நீ வர மாட்டாய் என்று அவனுக்கும் தெரியும்.

இங்கே ரோட்டு வேலை முடிந்துவிட்டது. ஆட்களை ரியோவெர்தே பக்கம் அனுப்புகிறார்கள். கிரிசாந்தோ போன வியாழக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ரொட்டியும் சாக்லேட்டும் ஒரு கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். நம் வழக்கத்தை யாரிடமோ விசாரித்திருக்கிறார், ஆனால் வேறு ஆளை அனுப்ப வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டைச் சுற்றும் முற்றும் பார்த்தார். அப்பா இல்லை, நீயும் இல்லை.

"நான் யார்கிட்டங்க கேக்கணும்?" என்றார்.

"என்கிட்டயே கேளுங்க" என்றேன்.

கேட்டார். கூடையை வாங்கிக்கொண்டேன். அன்று இரண்டு பேரும் சாக்லேட் காய்ச்சிக் குடித்தோம், மீந்த ரொட்டியைக் கனேலாவுக்கும் மரினெரோவுக்கும் கொடுத்தேன். இந்த வயதில் எனக்குக் கூடை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நாளைக் காலை லாரி வருகிறது. கனேலாவும் மரினெரோவும் எங்களோடு வருகின்றன. வீட்டுச் சாவி தோமாசாவிடம் இருக்கும். இன்றைக்குச் சாயங்காலம் ஒரு கொயோட்டே காலிப் பட்டிக்குள் நுழைந்து ஒவ்வொரு மூலையாக மோந்து பார்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. நானும் நேருக்கு நேர் பார்த்தேன். எனக்கு வாய் அடைத்துப்போகவில்லை அண்ணா.

இந்தக் கடிதத்தோடு கனேலாவின் கழுத்து மணியை அனுப்புகிறேன். ஆடுகள் சத்தம் கேட்டுப் பக்கத்தில் வருவதற்காக அப்பா கட்டியது, இனி அதற்குத் தேவை இல்லை. நோயெமியிடம் விளையாடக் கொடு. அவளுக்கு அக்கா இருக்கிறாளா, தம்பி இருக்கிறானா, நீ எழுதவில்லை. அவள்தான் உன் வீட்டின் கடைசிப் பெண் என்றால், ஒரு நாள் யாராவது கூடையோடு வந்து வாசலில் நிற்பார்கள். அன்றைக்கு நீ மேசையில் உட்கார்ந்திருப்பாய். தலையை நிமிர்த்து அண்ணா.

உன் தங்கை,
லியோகாதியா